குன்னூர் பங்களாவில் சனிக்கிழமைப் பெரட்டு

கோபம் ஆறியதும் இந்தப் பதிவை எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் அப்படியே எழுதிவிடுகிறேன். மலையில் போய் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்க்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கத்துக்கு வருகிறீர்கள். பஸ், வாடகை, இணையம் எல்லா விவரமும் கீழே இருக்கிறது. ஆனால் நடுநடுவே கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் போனேன் என்பது. மென்பொருள்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது என் வேலை. எங்கள் கம்பெனி கிண்டியில் இருந்த அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு, இனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்கள் என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டது. அவர்களுக்கு வாடகை மிச்சம், எனக்குக் கரண்ட் பில். ஜூன் மாதத்திலும் சென்னை வெயில் இறங்குவதாக இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் என் வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு மடிக்கணினியே மயங்கி விழுந்தது. சரி, ஒரு மாதம் குன்னூர் என்று முடிவெடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்தபிறகு சீசன் கூட்டம் வடிந்துவிடும், வாடகையும் இறங்கியிருக்கும். அந்தக் கணக்கில் தப்பில்லை.

சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ராத்திரி ரயில் ஏறினால் விடிகிற நேரத்துக்கு இறக்கிவிடும். அங்கிருந்து மலை ரயிலில் குன்னூர் போகலாம்தான், ஆனால் அதற்கு வெகு நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. குன்னூர் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், கையில் ஐம்பது ரூபாய் இருந்தால் போதும். சொந்தக் காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும்; அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள், ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றோடு ஏறுங்கள் என்பது இன்னொரு யோசனை. நான் மேட்டுப்பாளையத்தில் நெய் மிதக்கும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். பர்லியார் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அதன் பலனை அனுபவித்தேன்.

குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து நான் எடுத்திருந்த பங்களா ஒன்பது கிலோமீட்டர். கோத்தகிரி சாலையில் போய்த் தேயிலைக்குள் திரும்ப வேண்டும். ஆட்டோவுக்கு முன்னூற்றைம்பது. ஓட்டியவர் பெயர் சிவராஜ். முகவரியைக் காட்டியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தத் தொரை பங்களாவுங்களா?"

"ஆமாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க. எம்பட சம்சாரம் அங்கதான் பாத்தரம் களுவப் போய்ட்டிருந்துச்சு. வேண்டாஞ்சாமீன்னு நிறுத்திப்போட்டேனுங்க."

"சம்பளம் சரியில்லையா?"

"சம்பளமெல்லாம் கரெக்டா குடுப்பாங்க. இருந்து பாருங்க, உங்களுக்கே தெரியுமுங்க."

ஆட்டோக்காரர்கள் இப்படிப் புதிர் போட்டுவிட்டு இறங்கும்போது இருபது ரூபாய் கூடக் கேட்பார்கள் என்பது என் அனுபவம். அவர் கேட்கவில்லை.

பங்களா அழகு. அதில் பொய் சொல்ல மாட்டேன். சிவப்பு ஓடு, நீள வராந்தா, கண்ணாடி ஜன்னல், எதிரே சரிந்து இறங்கும் தேயிலை. முன்பு தோட்டத்து மேனேஜர் குடியிருந்த இடமாம். தேயிலையெல்லாம் இப்போது வேறு ஒருவர் கையில். பங்களாவையும் அதற்குப் பின்னால் இருக்கும் பழைய லயத்தையும் மட்டும் ஒரு கம்பெனி வாங்கி, என்னைப் போன்ற லேப்டாப் கூட்டத்துக்கு விடுகிறது. லயம் என்றால் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். அதில் இப்போது பங்களா ஊழியர்கள் குடியிருக்கிறார்கள். என் அறைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாதம் நாற்பத்தாறாயிரம். ஜன்னலோரம் நல்ல மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, கரண்ட் போனாலும் நிற்காத இணையம். வீடியோ கூட்டம் ஒருமுறைகூட அறுந்து போகவில்லை. கணப்புக்கு விறகு தனிக் காசு.

வாசலில் ஒரு பெண் கைகூப்பி நின்றார். என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேலை, சிவப்பு இடுப்புப் பட்டை.

"வணக்கம் தொரைசாணி" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. என்னைத்தான்.

தெரியாதவர்களுக்கு: தோட்டத்தில் மேனேஜரைத் 'தொரை' என்பார்கள், அவர் மனைவியைத் 'தொரைசாணி' என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒட்டியது, இன்னும் உதிரவில்லை. பழக்க தோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்து, "மேடம்னே கூப்பிடுங்க, பேர் சொன்னாலும் சரி" என்றேன். அவர் மேலே வராந்தா மூலையில் இருந்த கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிங்க தொரைசாணி" என்றார். அறைக்குள் போனதும் தலையணை மேல் ஒரு அட்டை இருந்தது: 'இந்த மாதம் நீங்கள்தான் தொரை.' பேக்கேஜே அதுதானாம். நான் விளம்பரத்தில் இணைய வேகத்தை மட்டும்தான் படித்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் கலா. சாப்பாட்டு அறைப் பொறுப்பு அவருடையது. முதல் சில நாள் நன்றாகவே போயிற்று. காலையில் மூடுபனி விலகுவதற்குள் ஒரு அத்தியாயம் முடித்துவிடுவேன். மதியம் மலைப்பூண்டு ரசமும் பீன்ஸ் பொரியலும். சாயங்காலம் வர்க்கியும் டீயும். துணி மட்டும் காயாது. துவைத்த சுடிதார் மூன்றாம் நாளும் சொதசொதவென்று தொங்கும், கூடுதலாக எடுத்துப் போங்கள். இருட்டிய பிறகு வெளியே நடக்காதீர்கள், காட்டெருமை நம்மைவிடச் சுதந்திரமாகத் திரிகிறது. இடையில் ஒரு நாள் விடுப்பு எடுத்து ஊட்டிக்கும் போனேன். பத்தொன்பது கிலோமீட்டர்தான். மலை ரயிலில் லவ்டேல் தாண்டும்வரை சொர்க்கம், ஊட்டியில் இறங்கியதும் ஹாரன் சத்தம். ஜூனில் நடுவட்டம் பக்கம் மழை கொட்டும். குன்னூர்ப் பக்கம் சாரலோடு விட்டுவிடும். ஆகவே வேலை பார்க்கிறவர்களுக்குக் குன்னூரே நல்லது.

இனிமேல்தான் கத்தல்.

பங்களாவின் மேனேஜர் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர், ஹோட்டல் படிப்பு படித்தவர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மேசைக்கு வந்தார். "மேடம், நாளைக்குக் காத்தால நம்ம பெரட்டு இருக்குதுங்க. மிஸ் பண்ணிராதீங்க. கெஸ்ட்டுக்கெல்லாம் இதுதான் ரொம்பப் புடிக்குது."

பெரட்டு என்றால், காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டும் என்று பிரித்து அனுப்புவது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்தன. நான் ஏதோ தேயிலை பறிப்பதைக் காட்டப் போகிறார்கள் என்று நினைத்துக் காபிக் கோப்பையோடு போய் நின்றேன்.

புல்வெளியில் ஊழியப் பெண்கள் தலையில் துண்டு கட்டி, முதுகில் கூடையோடு வரிசையாக நின்றார்கள். படியின் மேல் எங்களோடு தங்கியிருந்த அரவிந்த். வேளச்சேரிப் பையன், செயலி ஏதோ செய்கிற சொந்தக் கம்பெனி, நல்ல மாதிரிதான், ஒருநாள் எனக்குச் சார்ஜர்கூடக் கொடுத்து உதவினான். அவன் தலையில் வெள்ளைக்காரத் தொப்பி, கையில் பிரம்பு. கார்த்திக் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க, பிரம்பால் ஒவ்வொரு பெண்ணாகச் சுட்டி, "நீ அஞ்சாம் நம்பர் மலை, நீ எட்டாம் நம்பர்" என்று அனுப்பினான். மற்ற விருந்தாளிகள் எல்லாரும் போனில் படம் பிடித்தார்கள். அப்போது கேட் பக்கமிருந்து கலா ஓடிவந்தார். இடுப்பில் துணி சுற்றிய பொம்மை.

"ஏன் லேட்டு?" என்றான் அரவிந்த்.

"புள்ளைக்குக் காய்ச்சலுங்க தொரை. டிஸ்பென்சரிக்குப் போய்ட்டு வர்றேன். இன்னிக்கு மட்டும் பேரு போடுங்க தொரை."

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். பாதி நாளுக்கு அரைப் பேர்.

"அரைப் பேருகூடக் கிடையாது. போ!"

கொல்லென்று சிரிப்பு. கலா இன்னும் இரண்டு முறை கெஞ்ச வேண்டும் போலிருக்கிறது, கெஞ்சினார். அரவிந்த் பிரம்பால் கேட்டைக் காட்டினான். கலா பொம்மையைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து நடந்தார். கைதட்டல். அதற்கடுத்து டோஸ்ட், ஆம்லெட். கொஞ்ச நேரத்தில் அதே கலா டீக் கெண்டியோடு என் மேசைக்கு வந்து, "டீயா காபியா தொரைசாணி?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். தொப்பி போட்டவன் வேளச்சேரி. கைதட்டியது மயிலாப்பூரும் மதுரையும். ஆண்ட வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, அவன் தொப்பியை நாம் வாரக் கடைசிக்கு வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையோடு வருகிற பெண்ணைத் துரத்தி விளையாடுகிறோம். காலை உணவு இலவசம்!

நேராகக் கார்த்திக்கிடம் போய்க் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"நீங்க சொல்றது கரெக்ட்தானுங்க மேடம். ஆனா இது நாங்க கட்டின கதை இல்லீங்க. நெசமா நடந்தது. ஸ்டாஃப் சொன்னதுங்க. அவங்க கதையத்தான நாம உலகத்துக்குக் காட்டுறோம்?"

"அவங்களுக்கு இதுல சந்தோஷமா?"

"கேட்டுப் பாருங்க மேடம். யாரும் ஒரு கம்ப்ளெய்ண்ட் சொன்னதில்லீங்க."

கேட்டேன். கேமரா இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது, சமையலறைக்குப் பின்னால் வெந்நீர்ப் பாய்லர் பக்கம். ஈரத் துணியை அங்கேதான் காயப்போடுவோம். கலா என் சுடிதாரைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்.

"அந்தக் கதைய சொன்னதே நாந்தான் மேடம். அந்தப் பொம்பள எங்கம்மா. இடுப்புல இருந்த புள்ள நானு."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கார்த்திக் எல்லாரையும் உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, பழைய தோட்டத்துக் கதை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாராம். கலாவுக்கு ஐந்து வயதில் நடந்தது, இதே தோட்டத்தில். மனதில் கிடந்ததைச் சொல்லியிருக்கிறார்.

"அடுத்த மாசம் பாத்தா அதையே நாடகமாக்கிட்டாங்க. உனக்குத்தான நல்லா தெரியும், நீயே அம்மாவா நில்லுன்னுட்டாரு. தொப்பி, பிரம்பெல்லாம் அவரு சேத்தது. எங்கம்மாவ வெரட்டுனது வெள்ளைக்காரன் இல்ல மேடம், பேண்ட் சட்டை போட்ட நம்மாளு. அதுவும் பெரட்டு இங்க நடக்காது. ஃபேக்டரிகிட்ட நடக்கும். பங்களா முன்வாசலுக்கு எங்காளுக வந்ததே கெடையாது."

அதாவது, இது வெள்ளைக்காரன் காலத்துக் கதைகூட இல்லை. கலா என் வயதுக்காரர். நான் ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தபோது நடந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

அம்மா சரஸ்வதி கலாவோடுதான் லயத்தில் இருக்கிறார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்; மகளுக்குப் பங்களாவில் வேலை கிடைத்ததால்தான் அந்த இரண்டு அறை தங்கியது. கலாவின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். சனிக்கிழமை காலையில் அம்மா கோயிலுக்குப் போய்விடுவார். மகள் ஏதோ நாடகத்தில் நடிக்கிறாள் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"வர்ற சனிக்கிழமை வீடியோ எடுக்கக் கோயமுத்தூர்லருந்து ஆள் வருது மேடம். ஒரிஜினல் ஆளே நின்னா நல்லாருக்கும்னு கார்த்திக் சார் அம்மாகிட்டயே நேரா போய்ப் பேசிட்டாரு. ஒரு சேலை குடுத்தாரு. கூடையோட நடந்து வந்தா போதும், கொழுந்து எடுக்கறதக் காட்டணும்னு சொல்லிட்டாரு. அம்மா நெசம்னு நெனச்சு, படங்கெல்லாம் தொவச்சு வச்சிருக்கு." படங்கு என்பது கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற சாக்கு.

"முடியாதுன்னு சொல்லுங்க கலா."

"சொல்றேன் மேடம். ரூம நீங்க தருவீங்களா?"

கோபமில்லாமல்தான் கேட்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அந்த வாரம் தொரையாக நான் நிற்க வேண்டும். வேறு யாராவது நின்றால் அம்மாவை அதே வார்த்தை சொல்லி விரட்டிவிடுவார்கள். நான் நின்றால், "பரவாயில்லை, முழுப் பேர்" என்று சொல்லி, ஒரு நிமிஷத்தில் முடித்து அனுப்பிவிடலாம். அம்மாவுக்கு எதுவும் புரியாது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து பாய்லர் பக்கத்தில் நின்று, நல்ல தொரை ஒருத்தி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்தோம்.

நான் பெயர் கொடுத்ததும் கார்த்திக்குக்குக் கொள்ளை சந்தோஷம். "பாருங்க மேடம், உங்களுக்கே புடிச்சிருச்சுங்க" என்றார்.

சனிக்கிழமை நல்ல வெயில். தொப்பி எனக்குப் பெரிது, புருவம்வரை இறங்கியது. பிரம்பை வாங்கமாட்டேன் என்றேன். வீடியோ எடுக்கிறவர் கையில் திணித்தார். பெண்களை மலைக்கு அனுப்பும் பகுதியை அரைகுறையாக முடித்தேன். கலா இந்த முறை வரிசையில் நின்றார், தலை நிமிரவே இல்லை. கார்த்திக் கை காட்டியதும் கேட்டிலிருந்து சரஸ்வதியம்மா வந்தார். புதுச் சேலை, வெளுத்த படங்கு, முதுகில் கூடை. முகமெல்லாம் சிரிப்பு. புல்வெளியை ஆவலாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து, படிக்குக் கீழே நின்றார். கொழுந்து எங்கே எடுக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தார்.

"மேடம், டயலாக்!" என்றார் வீடியோக்காரர்.

நான் அந்த வரியை விழுங்கிவிட நினைத்தேன். ஆனால் அரவிந்த் உற்சாகத்தில் பக்கத்திலிருந்து உரக்கச் சொல்லிவிட்டான்: "ஏன் லேட்டு? புள்ளைக்குக் காய்ச்சலா?"

சரஸ்வதியம்மாவின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார், அதில் கலாவைப் பார்த்தார். கலாவின் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. பதறிப்போய் நான் என் வசனத்தைச் சொன்னேன்.

"பரவாயில்லம்மா. லேட்டானா என்ன. முழுப் பேரு போட்டாச்சு, வாங்க."

விருந்தாளிகள் எல்லாரும் கைதட்டினார்கள். "சூப்பர், இந்த வெர்ஷன்தான் பெஸ்ட்" என்றான் அரவிந்த். கார்த்திக்கும் தலையாட்டினார்.

"தொப்பியக் கழட்டு" என்றார் சரஸ்வதியம்மா.

கழற்றினேன்.

"யாரு புள்ள நீ, எனக்குப் பேரு போட?"

கைதட்டல் அடங்கிவிட்டது.

"நான் லேட்டா வந்தேன்னு யாரு சொன்னா? இவ சொன்னாளா? இவளுக்கு அஞ்சு வயசு, என்னா தெரியும்? டிஸ்பென்சரிக்கு விடியறதுக்கு முன்னாலயே போய், மருந்து வாங்கி, பெரட்டுக்கு நேரத்துக்கு வந்து நின்னேன். மொத ஆளா நின்னேன். காய்ச்சக்காரப் புள்ளைய புள்ளக்காம்பராவுல சேக்கமாட்டேன்னுட்டாங்க. அதனால இடுப்புல வச்சிக்கிட்டு நின்னேன். புள்ளையோட வந்தா வேல இல்ல, போன்னான். அது அவன் செஞ்ச அநியாயம். நான் ஒரு தப்பும் பண்ணல. நீ என்னாத்த மன்னிச்சு எனக்கு முழுப் பேரு குடுக்குற?"

பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்.

சரஸ்வதியம்மா கூடையை இறக்கிப் புல்லில் வைத்தார். படங்கை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அது அவருடையது. கூடை பங்களாவுடையது.

"கலா, வா."

கலா அசையவில்லை. கார்த்திக் இறங்கிப் பக்கத்தில் போய், எப்போதும்போல மெதுவாகச் சொன்னார். "அக்கா, அம்மா கோவத்துல பேசறாங்க. நீங்க யோசிச்சுக்கங்க. குவார்ட்டர்ஸ் விஷயமெல்லாம் இருக்குதுங்கல்ல?"

கலா தலைத் துண்டை உருவினார். சிவப்பு இடுப்புப் பட்டையை அவிழ்த்துக் கார்த்திக் கையில் கொடுத்தார். "சாவிய சாயங்காலம் தர்றேன் சார்" என்றார். பிறகு கேட்டைப் பார்த்து நடந்தார். அம்மாவைத் தாண்டி முன்னால் போய்க் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா போனதும் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனார். நான் பிரம்போடு படியில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் நானும் காலி செய்தேன். மீதி நாட்களைக் குன்னூர் மேட்டில் பெட்போர்ட் பக்கம் ஒரு வீட்டு மாடியில் கழித்தேன். மாதம் பதினான்காயிரம், சாப்பாடு கிடையாது, ஆனால் யாரும் கும்பிடு போடமாட்டார்கள். கரண்ட் அடிக்கடி போகும், போனில் இணையம் வைத்துச் சமாளித்தேன். கடை, பஸ் எல்லாம் நடக்கிற தூரம். நீலகிரிக்கு வேலையோடு போகிறவர்கள் இப்படி ஊருக்குள் வீடு பார்த்துப் போங்கள் என்பதுதான் என் யோசனை. பங்களாதான் வேண்டுமென்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? வாரக் கடைசியில் ஊழியர்களை வைத்து நிகழ்ச்சி ஏதாவது நடத்துவீர்களா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பங்களாவின் பெயரை நான் சொல்லவில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கிற பெண்களுக்காகக் கலா வேண்டாமென்றார். கலா என்பதும் மாற்றிய பெயர்தான். அம்மாவின் பெயரை மாற்றவில்லை. அவர் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

இருவரும் இப்போது குன்னூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். லயத்தில் இருந்ததைவிடச் சிறிய இடம், வாடகை வேறு. கலா ஒரு பேக்கரியில் வர்க்கி போடுகிற இடத்தில் நிற்கிறார். சம்பளம் குறைவு, அடுப்புச் சூடு அதிகம். இதை நான் நல்ல முடிவு என்று சொல்லமாட்டேன். சென்னைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். சரஸ்வதியம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார்.

கலாதான் போனை எடுத்துக் காட்டினார். பங்களா வீடியோவை வெளியிட்டுவிட்டது. பின்னணியில் புல்லாங்குழல். சரஸ்வதியம்மா சிரித்துக்கொண்டே கூடையோடு வருகிறார். தொப்பிக்குள்ளிருந்து நான், "முழுப் பேரு போட்டாச்சு, வாங்க" என்கிறேன். கைதட்டல். அங்கேயே வெட்டிவிட்டார்கள். 'அன்பான தொரை' என்று தலைப்பு. ஆயிரக்கணக்கில் இதயம் போட்டிருக்கிறார்கள். அதை நீக்கச் சொல்லிக் கார்த்திக்கைப் போனில் கூப்பிட்டேன். "நல்ல பாசிட்டிவா போயிட்டிருக்குதுங்க மேடம்" என்றார். அது இன்னும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சரஸ்வதியம்மா போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முடிந்ததும் திரும்பப் போடச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நான் பேசுனது எங்க?"

அம்மா, இங்கே இருக்கிறது. நீங்கள் அன்று பேசியதில் ஒரு சொல்லையும் வெட்டாமல் எழுதியிருக்கிறேன். அந்த வீடியோவை எங்காவது பார்க்கிறவர்கள் தயவுசெய்து அதற்குக் கீழே இதைக் கமெண்ட்டாகப் போடுங்கள்: சரஸ்வதியம்மா லேட்டாக வரவில்லை.